மழையில் ஸ்போர்ட்ஸ் கார் டயர்: லேபிளில் உள்ள ‘ஏ’ எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

“மழைக்கு நல்ல டயரா பாத்துக் குடுங்க” என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் ஒரே பதில்தான்: “சார், இது வெட் கிரிப் (ஈரப் பிடி) ‘ஏ’. இதுக்கு மேல கிரேடே கிடையாது.” கடைக்காரர் சொல்வது பொய் இல்லை. ஆனால் நவம்பர் மழையில், இரவு நேரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் 265 மி.மீ. அகல டயரோடு போகிறவருக்கு அந்த ‘ஏ’ பாதித் தகவலைத்தான் தருகிறது. மீதிப் பாதி எந்த லேபிளிலும் அச்சாவதில்லை.

ஈரச் சாலை என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். டயருக்கு அது இரண்டு வெவ்வேறு வேலை. சாலை நனைந்து பளபளக்கிறது, தண்ணீர் தேங்கவில்லை என்றால் ரப்பர் கலவைதான் எல்லாம். தார்ச் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் எவ்வளவு சீக்கிரம் அமுங்கிப் பிடிக்கிறது என்பதே அங்கே கேள்வி. சிலிக்கா கூடுதலாகச் சேர்த்த கலவை ஜெயிக்கும். தண்ணீர் மூன்று நான்கு மில்லிமீட்டர் தேங்கி நின்றாலோ, ரப்பர் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் பயனில்லை. தரையைத் தொட்டால்தானே பிடிப்பதற்கு? முதலில் தண்ணீரை விலக்க வேண்டும். அது பட்டனின் (டயர் மேற்பரப்பில் பள்ளங்களுக்கு இடையே உள்ள ரப்பர் மேடுகளின்) ஆழம், பள்ளங்களின் அகலம், காற்றழுத்தம், டயரின் அகலம், வண்டியின் வேகம் எல்லாம் சேர்ந்த கணக்கு. முதல் வேலையில் முதலிடம் வாங்கும் டயர் இரண்டாவதில் நடுவில் நிற்பது சர்வசாதாரணம்.

கடைக்காரர் காட்டும் ‘ஏ’ ஐரோப்பிய டயர் லேபிளில் உள்ள எழுத்து. அது அளப்பது முதல் வேலையை மட்டும். காரில் மாட்டிச் சோதிக்கும் முறையில், ஏறக்குறைய 1 மி.மீ. தண்ணீர் உள்ள தளத்தில், 80 கி.மீ. வேகத்திலிருந்து 20 கி.மீ. வேகத்துக்குக் குறைய எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்று பார்த்து, ஒரு ஒப்பீட்டு டயரோடு வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். 1.40 முதல் 1.54 வரை ‘பி’, 1.55-ஐத் தொட்டால் ‘ஏ’. அதற்கு மேல் உச்சவரம்பு கிடையாது என்பதைக் கவனியுங்கள். 1.56 வாங்கிய டயரும் அதைவிட வெகுதூரம் முன்னால் போன டயரும் ஒரே எழுத்தைத்தான் சுமக்கும். இன்று சந்தையில் பெயருள்ள உயர்ரக ஸ்போர்ட்ஸ் டயர்கள் ஏறக்குறைய எல்லாமே, பெரும்பாலான அளவுகளில், ‘ஏ’தான். ஆகவே இந்த வகை டயர்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அந்த எழுத்து உதவாது. மோசமானதைத் தள்ளிவிட மட்டும் உதவும். சோதனைக்குப் போவதும் புது டயர்தான். பாதி தேய்ந்த பிறகு அது என்ன செய்யும் என்பது லேபிளில் இல்லை.

தேங்கிய தண்ணீரின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். 245 அகலம் என்று எழுதிய டயர் தரையைத் தொடும் அகலம் சுமார் 220 மி.மீ. தண்ணீர் 3 மி.மீ., வேகம் 100 கி.மீ. என்றால் ஒவ்வொரு டயரும் ஒவ்வொரு நொடியும் 18 லிட்டர் தண்ணீரை வழியிலிருந்து அகற்ற வேண்டும். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் ஒன்றை ஒரு நொடியில் காலி செய்வது போல. பின்னால் 305 போட்டிருந்தால் அது 23 லிட்டர். இப்போது பள்ளங்களைப் பாருங்கள். 10 மி.மீ. அகலத்தில் நான்கு நீளவாட்டுப் பள்ளங்கள், 7 மி.மீ. ஆழம்: குறுக்குவெட்டுப் பரப்பு 280 சதுர மி.மீ. எதிரே வரும் தண்ணீரின் பரப்போ 660. அதாவது புத்தம்புது டயரிலேயே பாதிக்கும் குறைவான தண்ணீர்தான் பள்ளங்களுக்குள் போகிறது. மீதி முன்னாலும் பக்கவாட்டிலும் தள்ளப்பட வேண்டும். தள்ளுவதற்கு நேரம் போதாதபோது தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு போல நுழைந்து தூக்கிவிடுகிறது. இதுதான் அக்வாபிளேனிங். அதே டயரில் பட்டன் 3 மி.மீ. ஆகத் தேய்ந்தால் பள்ளத்தின் பரப்பு 120. சட்டப்படியான கடைசி எல்லையான 1.6 மி.மீ.க்கு வந்தால் வெறும் 64. எந்த பிராண்டு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

டயர்களுக்கு வருவோம். கீழே சொல்வது 18 அங்குலமும் அதற்கு மேலுமான ரிம் போட்ட, மழையிலும் ஓட்டியே ஆக வேண்டிய சாலைக் கார்களை மனத்தில் வைத்து.

மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ். 2017-ல் வந்தது. இன்றும் “எதைப் போடலாம்” என்று கேட்டால் முதலில் வாயில் வரும் பெயர். வெளித்தோள் பக்கம் கார்பன் பிளாக் சேர்த்த ஒரு கலவை, நடுவிலும் உட்புறத்திலும் சிலிக்கா மிகுந்த வேறு கலவை. வளைவில் பாரம் தாங்க வெளிப்புறம், ஈரத்தில் பிடிக்க உட்புறம் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இதன் பெரிய பலம் பிடிமான அளவு மட்டுமல்ல; விட்டுக்கொடுக்கும் விதம். ஈர வளைவில் எல்லையை நெருங்கும்போது ஸ்டியரிங் கொஞ்சம் கொஞ்சமாக லேசாகிச் சொல்லிவிட்டுத்தான் வழுக்கும். பின்சக்கர இழுவைக் காரில் இந்த நாகரிகம் விலை மதிப்பில்லாதது. ஈரப் பிரேக்கிங்கில் பின்னால் வந்த சில டயர்கள் இதைத் தாண்டிவிட்டன என்பதும் உண்மை.

தாண்டியவற்றில் முதலில் சொல்ல வேண்டியது கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7. 2021-ல் அறிமுகம். மெல்லிய ஈரத்தில் பிரேக் மிதித்தால் பிடிக்கும் பிடியில் இதை மிஞ்சுவது கடினம். காரின் வகைக்கும் அளவுக்கும் ஏற்ப பட்டன் அமைப்பையே மாற்றியிருக்கிறார்கள். சிறிய காருக்கு வரும் டயரும் சூப்பர் காருக்கு வரும் டயரும் ஒரே பெயரில் வந்தாலும் அச்சு அசலாக ஒன்றல்ல. ஸ்டியரிங் திரும்பலுக்கு உடனே பதில் தரும். மழையே முக்கியம், டயர் கொஞ்சம் முன்னதாகத் தேய்ந்தாலும் பரவாயில்லை என்பவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட்டும் 2021-ன் பிள்ளைதான். காய்ந்த சாலையில் கூர்மை. மெல்லிய ஈரத்திலும் மிக நல்ல பிடி. ஆனால் சைடுவால் விறைப்பு, சவாரி கடினம், தேய்மானம் வேகம். இந்தக் கடைசிப் புள்ளியை மழையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வேகமாகத் தேயும் டயர் என்றால் வாங்கிய இரண்டாவது மழைக்காலத்திலேயே பட்டன் குறைந்து, தேங்கிய தண்ணீரில் பலவீனமாகிவிடும். மாதத்துக்கு 400 கி.மீ. மட்டும் ஓடும் வார இறுதிக் காருக்கு இது பிரச்சினையே இல்லை. தினமும் வேலைக்குப் போகும் காருக்கு யோசிக்க வேண்டும்.

குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6 இந்தக் கூட்டத்தில் மென்மையானது. ஸ்டியரிங் உணர்வு கொஞ்சம் மந்தம் என்று டிராக் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஈரத்திலும் தேங்கிய தண்ணீரிலும் சமநிலையோடு, பதற்றமில்லாமல் நடந்துகொள்கிறது, சத்தமும் குறைவு. காரில் குடும்பம் ஏறும் என்றால், ஓட்டுபவர் சாலையில் டயரின் எல்லை வரை போகிற ஆள் இல்லை என்றால், கான்டினென்டலுக்கு முன் இதைப் பாருங்கள்.

பிரெல்லி பி ஜீரோவைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை. பிஇஸட்4 என்று அழைக்கப்படும் தலைமுறையில் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு பட்டன் அமைப்பு, சொகுசு செடானுக்கு வேறு அமைப்பு. அதற்குமேல் ஒவ்வொரு கார் நிறுவனத்துக்கும் தனித்தனியாகச் சரிசெய்த பதிப்புகள். நண்பர் காரில் அருமையாக இருந்தது என்று அதே பெயரை வாங்கி மாட்டினால் வேறு டயர் கிடைக்கலாம். சைடுவாலில் உள்ள குறியீடு வரை ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாத டயர் இது.

பைலட் ஸ்போர்ட் 5 பற்றி ஒரு குழப்பம் தொடர்ந்து உலவுகிறது. எண் பெரியது, 2022-ல் வந்தது, ஆகவே 4எஸ்-ஐ விட மேல் என்று பலர் எண்ணுகிறார்கள். 5 என்பது பழைய பைலட் ஸ்போர்ட் 4-ன் வாரிசு. 4எஸ் அதற்கு மேல்படியில் இருக்கும் வேறு வரிசை. ஈரப் பிரேக்கிங்கில் 5 இந்தக் கூட்டத்தைவிட ஒரு படி பின்னால்தான். ஆனால் ஆயுள் அதிகம். ஆக்டேவியா ஆர்எஸ் போன்ற முன்சக்கர இழுவைக் காரில், 225 அகலத்தில், வருடம் முழுக்க ஓட்டுபவருக்கு இதுவே புத்திசாலித்தனமான தேர்வு: மூன்றாவது மழைக்காலத்திலும் பட்டன் மிச்சமிருக்கும்.

அடுத்து, வாங்கக் கூடாதவை. பைலட் ஸ்போர்ட் கப் 2, பி ஜீரோ டிரோஃபியோ வரிசை, யோகோஹாமா அட்வான் ஏ052 போன்ற அரை ஸ்லிக் டயர்கள். சாலையில் ஓட்டச் சட்ட அனுமதி உண்டு என்பதால் சிலர் இதை எப்போதும் போட்டுச் சுற்றுகிறார்கள். இவற்றில் தொடக்க ஆழமே குறைவு, பள்ளங்களும் குறைவு, வெளிப்பாதி ஏறக்குறைய வழவழப்பு. லேசான ஈரத்தில் டயர் சூடாக இருக்கும் வரை ஆச்சரியப்படும்படி பிடிக்கும், ஏமாற்றுவதும் அதுதான். பதினைந்து நிமிடம் மழை அடித்து டயர் குளிர்ந்து, சாலையோரம் தண்ணீர் தேங்கிய பிறகு அதே டயர் வேறு ஆளாகிவிடும். போர்ஷே 911 ஜிடி3 மாதிரியான கார்கள் கப் 2-ஓடு வருகின்றன என்பது அவை எங்கே ஓட்டப்படும் என்று நிறுவனம் எண்ணுகிறது என்பதைக் காட்டுகிறது. உங்கள் ஊர்ச் சாலைக்கான சான்றிதழ் இல்லை. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இவற்றைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு செட் ரிம்மில் சாதாரண ஸ்போர்ட்ஸ் டயர் மாட்டுவதே முறை.

அகலம், காற்று

ரிம்மைப் பெரிதாக்கி, டயரை அகலமாக்கினால் மழையிலும் பிடி கூடும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றிவிட்டது. நடப்பது தலைகீழ். டயர் அகலமாகும்போது தரையைத் தொடும் பரப்பு அகலத்தில் கூடி நீளத்தில் குறைகிறது. நடுவில் மாட்டிய தண்ணீர் பக்கவாட்டுக்குப் போக வேண்டிய தூரம் கூடுகிறது, அதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. 215-லிருந்து 245-க்குப் போனால் காய்ந்த சாலையில் லாபம், தேங்கிய தண்ணீரில் நஷ்டம். டொயோட்டா ஜிஆர்86 போன்ற கார் தொழிற்சாலையிலிருந்தே 215/40 ஆர்18-ல் வருகிறது; அழகுக்காக 255 போட்டுவிட்டு மழையில் பயமாக இருக்கிறது என்று டயர் பிராண்டைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

காற்றழுத்தத்திலும் இதே மாதிரி ஒரு தலைகீழ் நம்பிக்கை: மழையில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பிடி கூடும். மணலுக்குச் சரி, மழைக்குத் தவறு. நாசாவில் வால்டர் ஹார்னும் உடன் பணியாற்றியவர்களும் விமான டயர்களை வைத்து 1960-களில் கண்டறிந்த சூத்திரம் எளிமையானது: மிதக்கத் தொடங்கும் வேகம், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பி.எஸ்.ஐ. எண்ணின் வர்க்கமூலத்தை 16.65-ஆல் பெருக்கினால் கி.மீ. வேகம் வரும். 36 பி.எஸ்.ஐ. என்றால் 100 கி.மீ.; 28 என்றால் 88. இது பள்ளங்களைவிடத் தண்ணீர் ஆழமாக இருக்கும்போது, அல்லது மொட்டை டயருக்குப் பொருந்தும் எண். நல்ல பட்டன் உள்ள டயர் இதற்கு மேலும் தாங்கும். ஆனால் 8 பி.எஸ்.ஐ. குறைந்தால் 12 கி.மீ. வேக இடைவெளி போய்விடுகிறது என்ற அளவைப் புரிந்துகொள்ள இது போதும்.

மஸ்டா எம்எக்ஸ்-5 இங்கே நல்ல உதாரணம். 205 தான் அகலம், ஆகவே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் என்று தோன்றும். ஆனால் வண்டி எடை குறைவு என்பதால் நிறுவனம் சொல்லும் அழுத்தமே 29 பி.எஸ்.ஐ. தான். சூத்திரப்படி 90 கி.மீ.க்குக் கீழே. சின்ன கார், ஒல்லி டயர் என்ற தைரியத்தில் மழையில் 110 போகக் கூடாத கார் அது.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வருபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. டிராக்கில் டயர் சூடேறி அழுத்தம் கூடும் என்று முன்னதாகவே காற்றை இறக்கியிருப்பார்கள். திரும்பும்போது டயர் ஆறி, அழுத்தம் 25-க்கு வந்து, மேலே மழையும் பிடித்துக்கொண்டால், பெங்களூரு நெடுஞ்சாலையின் இடது தடத்தில் லாரிகள் அமுக்கிய பள்ளத் தடங்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். டிராக்கை விட்டுக் கிளம்பும்முன் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றை ஏற்றிவிட வேண்டும். டயர் குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டில் அளந்தால் 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அதற்காக ஸ்டிக்கரைத் தாண்டி 42, 44 என்று ஏற்றினால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டு, மெல்லிய ஈரத்தில் பிரேக் தூரம் கூடும். நைட்ரஜன் அடித்தால் மழையில் பிடி கூடும் என்பதெல்லாம் கடைக்கு மட்டும் லாபம் தரும் கதை.

உள்தோளைப் பாருங்கள்

தேய்மானத்தைப் பார்க்கச் சொன்னால் எல்லோரும் காருக்கு வெளியே நின்று டயரைப் பார்க்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் தேய்வது அந்தப் பக்கம் இல்லை. வளைவில் பிடிப்பதற்காகச் சக்கரங்கள் மேற்பகுதி உள்ளே சாய்ந்தபடி அமைக்கப்பட்டிருக்கும். இந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர்; இரண்டு டிகிரி வரை சாதாரணம். நேர்ச்சாலையில் ஓடும்போது பாரத்தின் பெரும்பகுதி உள்விளிம்பில். வெளியே 5 மி.மீ. பட்டன் பளிச்சென்று தெரியும். உள்ளே 2 மி.மீ. அசிமெட்ரிக் (உள்பாதியும் வெளிப்பாதியும் வேறு வேறு அமைப்புள்ள) டயர்களில் தண்ணீரை வெளியேற்றும் பெரிய பள்ளங்கள் உள்பாதியில்தான் இருக்கின்றன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். எந்தப் பகுதியை நம்பி வாங்கினோமோ அந்தப் பகுதிதான் முதலில் காணாமல் போகிறது.

முன்சக்கரத்துக்கு ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிவிட்டு, பின்பக்கம் குனிந்து, மொபைல் கேமராவை உள்விளிம்புக்கு நேரே நீட்டி ஒரு படம் எடுத்தால் போதும். பள்ளத்துக்கு நடுவே குறுக்காக ஓடும் சின்ன மேடுகள் 1.6 மி.மீ. எல்லையைக் காட்டுபவை, அவை பட்டனின் மேற்பரப்போடு சமமாகத் தெரிந்தால் அந்த டயரின் கதை எப்போதோ முடிந்துவிட்டது. பின்சக்கரத்துக்கு லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். ஆழம் அளக்கும் கேஜ் சில நூறு ரூபாய். ஒவ்வொரு டயரிலும் உள்பள்ளம், நடுப்பள்ளம், வெளிப்பள்ளம் என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த எண்ணையே அந்த டயரின் ஆழமாகக் கொள்ளுங்கள். மழைக்கால எல்லை 3 மி.மீ.; பின்னால் 275-க்கு மேல் அகலம் என்றால் 4. சட்டம் 1.6 வரை விடுகிறது என்பது வேறு விஷயம். உள்பள்ளமும் வெளிப்பள்ளமும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால், புது டயர் மாட்டும் முன் அலைன்மென்ட் பாருங்கள். டிராக்குக்காகக் கூட்டிய கேம்பரை நிறுவன அளவுக்குக் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

வட அமெரிக்காவில் விற்கும் கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ்06 பிளஸ் டயரில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு உண்டு. பட்டன் மீதே மூன்று எழுத்துகள் பொறித்திருக்கிறார்கள்: ‘டி’ காய்ந்த சாலைக்கு, ‘டபிள்யூ’ ஈரத்துக்கு, ‘எஸ்’ பனிக்கு. தேயத் தேய முதலில் ‘எஸ்’ மறையும், பிறகு ‘டபிள்யூ’. கேஜ் இல்லாமலே பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். எல்லா நிறுவனமும் இதைச் செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

முன்னும் பின்னும் வேறு அளவு போட்ட கார்களில் பின் டயர் முதலில் தேயும். இஞ்சின் சக்தி பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போகிறது. 992 தலைமுறை போர்ஷே 911 கரேரா எஸ்-ஐ எடுத்துக்கொண்டால் முன்னால் 245/35 இசட்ஆர்20, பின்னால் 305/30 இசட்ஆர்21. முன் டயர் விலக்கிய தடத்தில்தான் பின் டயர் வருகிறது என்றாலும் அது கூடுதல் அகலம். விளிம்புகள் புதுத் தண்ணீரைச் சந்திக்கின்றன. நான்கிலும் பட்டன் நன்றாக இருந்தால் பொதுவாக முன்சக்கரம்தான் முதலில் மிதக்கும்: ஸ்டியரிங் காகிதம் போல லேசாகும், ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டால் திரும்பப் பிடிக்கும். பின் டயர் மட்டும் பாதி தேய்ந்திருந்தால் வரிசை மாறிவிடும். பின்பக்கம் முதலில் மிதந்தால் எச்சரிக்கை இல்லை, வண்டி சுழன்றுவிடும். வண்டி சுழலாமல் தடுக்கும் ஈஎஸ்பி காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அது சக்கரத்தின் பிடியை வைத்துத்தான் வேலை செய்கிறது, பிடியே இல்லாத சக்கரத்தில் பிரேக் போட்டு என்ன ஆகும்? இரண்டு டயர் மட்டும் மாற்றப் பணம் இருந்தால் புதிய இரண்டும் பின்னால்தான் என்ற விதி இதனால்தான். நான்கும் ஒரே அளவுள்ள முன்சக்கர இழுவைக் காருக்கும் அதே விதி.

அந்த 911-ல் ஒரு பாராட்ட வேண்டிய விஷயம்: முன்சக்கர வளைவுக்குள் ஒலி உணரிகள் வைத்து, தெறிக்கும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டு, சாலை நனைந்திருக்கிறது என்று எச்சரிக்கிறது. உடனே வெட் மோடுக்கு மாற்றலாம். ஆக்சிலரேட்டரும் ஸ்டெபிலிட்டி கட்டுப்பாடும் நிதானமாகிவிடும். ஆனால் அது டயரின் ஆழத்தை அளப்பதில்லை. 2 மி.மீ. டயரோடு வெட் மோடில் 120 போனால் மோடு மட்டும்தான் பத்திரமாக இருக்கும்.

கடையில்

இந்தியாவில் தேர்வு என்பது பாதி நேரம் கிடைப்பதில் தேர்வுதான். 2020 ஜூனில் கார் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்குக் கொண்டுவரப்பட்டது. உரிமம் வாங்கித்தான் கொண்டுவர முடியும். ஐஎஸ்ஐ முத்திரையும் வேண்டும். இதனால் 19, 20 அங்குல அளவுகள் ஒரு சமயம் இருக்கும், இன்னொரு சமயம் மாதக்கணக்கில் வராது. மழைக்கு முன் மாற்ற வேண்டும் என்றால் ஆகஸ்டிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். அக்டோபரில் போய் நின்றால் முன்னால் ஒரு பிராண்டு, பின்னால் ஒரு பிராண்டு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒத்துக்கொள்ளக் கூடாது. ஈரத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் பிடி வேறுபட்டால் வண்டியின் சமநிலை மாறும். நான்கு சக்கர இழுவை என்றால் உருளும் விட்டத்தின் வித்தியாசம் முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் பாதிக்கும்.

அரிய அளவுகளில் பழைய சரக்கு மாட்டும். சைடுவாலில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். வெயில் தாக்கும் கிடங்கில் கிடந்த டயரில் கலவை இறுகும். பட்டன் முழுதாக இருந்தும் மெல்லிய ஈரத்தில் பிடிக்காது. ஒன்றரை வருடத்துக்கு மேல் என்றால் விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். நான்கும் ஒரே காலத்தவையாக இருக்கட்டும். போர்ஷேக்கு ‘என்’ எழுத்தும் எண்ணும், பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு ‘எம்ஓ’ என்று நிறுவன முத்திரை இருந்தால் முன்னும் பின்னும் அதே முத்திரையா என்று பாருங்கள். டயர் தாங்கும் பாரத்தைச் சொல்லும் லோடு இன்டெக்ஸ் எண் கதவோர ஸ்டிக்கரில் உள்ளதற்குக் குறையவே கூடாது.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள். அசிமெட்ரிக் டயரில் ‘அவுட்சைடு’ என்ற எழுத்து நான்கு சக்கரத்திலும் வெளியே தெரிய வேண்டும். ஒன்று உள்ளே போய்விட்டாலும் தண்ணீர்ப் பள்ளங்கள் தவறான பக்கம். அம்புக்குறி போட்ட, ஒரே திசையில் சுழல வேண்டிய டயர் என்றால் இடது வலது மாறிவிடும் ஆபத்து அதிகம். மாறினால் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கும். ரிம்மை மட்டும் பார்த்து மாட்டும் பையன் இதைக் கவனிக்க மாட்டான்.

புது டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து பிரிவதற்குப் பூசிய பொருளின் மிச்சம் இருக்கும். முதல் 200, 300 கி.மீ. வரை ஈரத்தில் அடக்கி ஓட்டுங்கள். வண்டி கழுவும் இடத்தில் டயர் பாலிஷை பட்டன் மீதும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். சைடுவாலுக்கு மட்டும் போதும் என்று சொல்லிவைக்க வேண்டும். சிலிகான் பூசிய பட்டனோடு மழையில் முதல் வளைவைச் சந்திப்பது வேண்டாத வேலை.

வெப்பநிலையைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் பொதுவாகக் கவலைப்படத் தேவையில்லை. மேலே சொன்ன டயர்கள் எல்லாம் கோடைகால வகை. 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் விறைத்துப் பிடி இழக்கும். சென்னையின் மழை 23, 24 டிகிரியில் பெய்கிறது, சிக்கலே இல்லை. விதிவிலக்கு உதகை. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். பனி படிந்து நனைந்த சாலையில் ஸ்போர்ட்கான்டாக்ட் 7-ம் சரி, 4எஸ்-ம் சரி, முதல் சில கிலோமீட்டருக்கு ‘ஏ’ டயராக நடந்துகொள்ளாது. அரை ஸ்லிக் என்றால் கேட்கவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதாக இருந்தால் வெயில் ஏறி ஒன்பது மணிக்குக் கிளம்புவது நல்லது. குறிப்பாக மரநிழலில் இருக்கும் வளைவுகளில் ஈரம் காய அதற்கு மேலும் நேரம் பிடிக்கும்.